வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குள்

எந்தக் கணினி நிரலில் பிழை வரும் என்பதை, அது வருவதற்கு முன்பே சொல்லும் ஒரு இயந்திரத்தை ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. கிளி ஜோசியக்காரர் இதே வேலையை ஒரு நெல்மணிக்குச் செய்கிறார் என்று என் மனைவி ஒருமுறை சொன்னாள். அவருக்கு முனைவர் பட்டம் கிடைக்காது என்றேன். "உங்களுக்கும்தான் இன்னும் கிடைக்கல" என்று சொல்லிவிட்டுக் காயை நறுக்கப் போனாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் பொறியியல் கல்லூரியில் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர்கள் இரண்டு கல்வியாண்டுக்குள் அதை வாங்க வேண்டும், வாங்காதவர்கள் வேறு வாய்ப்புகளைப் பரிசீலிக்கலாம் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் நான் பரிசீலிக்கக்கூடிய வேறு வாய்ப்பு, வீட்டில் உட்கார்ந்து நாவல் படிப்பது ஒன்றுதான். அதை ஏற்கெனவே கல்லூரி நேரத்திலேயே செய்துகொண்டிருந்தேன்.

ஆராய்ச்சி என்னவென்று எளிதாகவே சொல்லிவிடலாம். ஒரு மென்பொருளில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை வரி, எத்தனை நிபந்தனைக் கிளை, எத்தனை முறை மாற்றினார்கள், கடைசியாக யார் மாற்றினார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எந்தக் கோப்புகளில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது என்ற பட்டியலையும் சேர்த்து நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரலிடம் கொடுக்க வேண்டும். அது இரண்டையும் பார்த்துப் பார்த்து, எப்படிப்பட்ட கோப்பு கெட்டுப்போகும் என்று தானாகக் கற்றுக்கொள்ளும். அது மனித மூளையைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் முதல் பத்தியிலேயே போட்டிருக்கும். என் அனுபவத்தில் அது, விடைத்தாள் திருத்தித் திருத்தி, பதிலைப் படிக்காமல் கையெழுத்தைப் பார்த்தே மார்க் போடப் பழகிய வாத்தியார் மாதிரி. அப்படி ஒரு வாத்தியாரை எனக்கு நெருக்கமாகத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

தகவல் வேண்டுமே. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பிழைகளை எனக்கு அனுப்பிவைக்கக் காத்திருக்கவில்லை. முத்தியால்பேட்டையில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் சின்ன மென்பொருள் நிறுவனம் ஒன்று இருந்தது. மருந்துக் கடைகளுக்கும் சிறு கிளினிக்குகளுக்கும் பில் போடும் மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். முதலாளி சொல்தா வீட்டுப் பிள்ளை. அதாவது, அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இவரும் பாரிசில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் எல்லோரையும் போல நானும் அவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவேன். ஆராய்ச்சி என்றதும் மறுபேச்சு இல்லாமல் கணினியைத் திறந்துவிட்டார். தன் நிறுவனத்தின் பிழைகளைப் படிப்பதைச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் மேற்பார்வை செய்கிறார் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அங்கே நிரல் எழுதியவர்கள் ஐந்து பேர். ஆராய்ச்சியில் யாருடைய பெயரும் வெளிவரக் கூடாது என்பது நெறி. எனவே பெயர்களை அழித்துவிட்டு எண் கொடுத்தேன். வாசலிலிருந்து உட்கார்ந்திருந்த வரிசையிலேயே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எனக்கு நினைவில் நிற்க வசதியாக இருக்கும் என்று.

நான்காம் எண் ஒரு பெண். முப்பதை நெருங்கிய வயது. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பா மோட்டார் கொட்டகையில் பக்கவாதம் வந்து விழுந்தவர், அன்றிலிருந்து படுக்கை. காலையில் அவரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, கஞ்சி புகட்டிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கு வந்துவிடுவாள். மாலை ஆறு மணி பஸ்ஸில் போய் மறுபடியும் அதே வேலை. அம்மாவால் தனியாக அந்த உடம்பைத் தூக்க முடியாது. சென்னையிலிருந்து இரண்டு முறை வேலை வந்தும் விட்டுவிட்டாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அன்றைய புதுச்சேரியில் நிரல் எழுதச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிற இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்த டைல்ஸ் கடை மாடி போய்விட்டால் அவளுக்கு இந்தத் தொழிலே போய்விடும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. சனிக்கிழமை வாடிக்கையாளர்களுக்குப் புதுப் பதிப்பு போக வேண்டும். ஆகவே அந்த வாரம் எழுதிய நிரல் எல்லாம் வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் பொதுக் கணினியில் ஏறிவிட வேண்டும் என்பது முசியேவின் கட்டளை. ஏற்றுவதைச் செக்-இன் என்பார்கள். யார் பெயரில் உள்ளே நுழைந்து ஏற்றுகிறோமோ, அவர் எழுதியதாகக் கணினி குறித்துக்கொள்ளும். மற்ற நான்கு பேரும் ஆடி அசைந்து பத்து மணிக்கு வருவார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நானும் அங்கே மூலையில் உட்கார்ந்து பழைய குறிப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் எண் இளைஞன் ஒரு பென் டிரைவை அவள் மேசைமேல் வைத்தான்.

"அக்கா, மணி பத்தேகால். என்னோடதையும் சேத்துப் போட்டுடுக்கா."

"உன் பேர்ல போய்ப் போடேன்டா. கை ஒடிஞ்சு போச்சா?"

"நான் கம்ப்யூட்டரைப் போட்டு, அது எழுந்திரிக்கறதுக்குள்ள ராகு வந்து உக்காந்துடுவான். நீதான் எட்டு மணிலேர்ந்து உள்ளயே கீறியே."

"போன வாரம் குடுத்தியே, ஓடவே இல்ல அது."

"அது போன வாரத்து ராகுக்கா."

ஒருவர் பின் ஒருவராக நான்கு பென் டிரைவ்களும் வந்து சேர்ந்தன. அவள் திட்டிக்கொண்டே வரிசையாக ஏற்றினாள். பத்து இருபத்தெட்டுக்கு எல்லாம் முடிந்தது. முசியே ஒரு தட்டில் கற்பூரத்தோடு வந்து பொதுக் கணினிக்குக் காட்டினார். நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டார்.

"சிரிக்காதீங்க சார். பாரிசுல ஏழு வருசம் இருந்தேன். அங்க ராகு காலமே கிடையாது. என்னாச்சு? திரும்பி வந்துட்டேன்."

இந்தக் காட்சியை அன்றே என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன். என்றாவது ஒரு நகைச்சுவைக் கட்டுரைக்கு ஆகும் என்று நினைத்தேன். ஆராய்ச்சிக்கும் அந்தக் காட்சிக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண் முன்னால் நடந்தது. பென் டிரைவ்களின் நிறம்கூட எழுதியிருக்கிறேன்.

இயந்திரம் கற்றுக்கொண்டது. ஆரம்பத்தில் தட்டுத்தடுமாறிய கணிப்பு, யார், எந்தக் கிழமை என்ற இரண்டு தகவல்களைச் சேர்த்ததும் சட்டென்று நிமிர்ந்தது. சென்னையிலிருந்து என் கைடு, அந்த மேற்பார்வைப் பேராசிரியர், தொலைபேசியில் கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அந்த ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. "இப்பதான்யா இது தீசிஸ் மாதிரி இருக்கு" என்றார்.

நன்றிக்கடனாக முடிவுகளை அச்செடுத்து முசியேவிடம் கொண்டுபோனேன். எது எது பிழைக்கு எவ்வளவு காரணம் என்று உயரவாரியாகக் கட்டங்கள் போட்ட ஒரு பக்கம். முதல் உயரமான கட்டம், நிரலாளர் நான்கு. அடுத்தது, வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை" என்று வாய்விட்டுப் படித்தார் முசியே. முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னப்ப இளிச்சீங்களே. இப்ப கம்ப்யூட்டரே சொல்லுது."

பிறகு முதல் கட்டத்துக்கு வந்தார். தலையைத் தூக்கிக் கண்ணாடிக் கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தார். அவருடைய ஆள்காட்டி விரல் மேசைமேல் நான்கு முறை தட்டியது. வாசலிலிருந்து எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"முசியே, இது ஆராய்ச்சிக்கு மட்டுந்தான்" என்றேன்.

"தெரியும் சார், தெரியும்" என்றார். காபி வரவழைத்தார். குடித்தேன். நன்றாக இருந்தது.

அடுத்த முறை நான் போனபோது நான்காவது நாற்காலி இல்லை. அந்த இடத்தில் ஒரு பிரிண்டரை வைத்திருந்தார்கள். விழுப்புரத்தில் ஒரு வாடிக்கையாளர் கழன்றுகொண்டதால் ஆளைக் குறைக்க வேண்டியிருந்தது என்றார் முசியே.

"யாரை அனுப்பறதுன்னு எனக்குத் தூக்கமே இல்ல. நல்ல பொண்ணு. ஆனா உங்க பேப்பர் இருந்துச்சே, அதை எடுத்துக் காட்டிட்டேன். நானா சொல்லியிருந்தா அழுதிருக்கும். மிஷின் சொன்னதால ஒரு வார்த்தை பேசல. பையை எடுத்துக்கினு போயிடுச்சு."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நினைவிருக்கும்.

மூன்று மாதம் கழித்து, எழுதுவதை முடிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை புதுத் தகவல்களைக் கொடுத்து இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தேன். இப்போது நிரலாளர் இரண்டு உச்சியில் நின்றான். பழைய கணக்குப்படி அவன் அப்பழுக்கில்லாதவன். குழம்பிப்போய்க் கைடைக் கேட்டேன். "கடைசி மூணு மாசத்தைச் சேர்க்காதீங்க. குட்டையைக் குழப்பும்" என்றார். நான் சேர்க்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. ஆய்வேட்டைப் பக்கம் பிரித்து, அட்டவணை ஒழுங்குசெய்து, பைண்டு பண்ணி எல்லாம் கொடுப்பார்கள். என் கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே கணினி முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சார்" என்றாள். "இங்கதான் இருக்கேன் இப்ப. திருமணப் பத்திரிகை, ரேஷன் கார்டு மனு, தீசிஸ். எல்லாம் அடிக்கறேன்."

"அப்பா எப்படி இருக்கார்?"

"அப்படியேதான் இருக்காரு. கடைக்காரர் நல்லவரு, சாயங்காலம் பஸ்ஸுக்கு விட்டுடுவாரு."

கோப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. நான்கு நாள் கழித்து ப்ரூஃப் பார்க்கப் போனேன். அந்தத் தாள்கட்டில் ஒரே ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி இருந்தது. உயரவாரிக் கட்டங்கள் இருந்த பக்கம்.

"சார், இந்த நாலாவது ஆளு நானா?"

"பெயர் எதுவும் போடலம்மா."

"பேரு இல்ல சார். நானான்னு கேட்டேன்."

தலையாட்டினேன்.

"வெள்ளிக்கிழமை எல்லாருதையும் நான்தான் சார் போடுவேன். நீங்ககூட ஒருநாள் மூலைல உக்காந்து பாத்துச் சிரிச்சீங்களே. அவங்க எழுதின தப்பு எல்லாம் எம்பேர்லதானே ஏறியிருக்கும்?" குரலில் கோபம் இல்லை. ஒரு நிரலில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்தவள் சொல்லும் தொனிதான். "நான் போனப்புறம் அந்த வேலையை யாரு பண்றாங்க? ரெண்டாவது சீட்டா?"

ஆறு வருடம், நியூரல் நெட்வொர்க், சென்னைப் பேராசிரியர் எல்லாம் சேர்ந்து கண்டுபிடிக்காததை அவள் ஒரு பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, வெள்ளிக்கிழமைக் காலைப் பதிவுகளை மட்டும் நீக்கிவிட்டு இயந்திரத்தை ஓட்டினேன். ஒரு மதிய நேரம் போதுமானதாக இருந்தது. நிரலாளர் நான்கின் கட்டம் அடிமட்டத்துக்கு இறங்கியது. ஐந்து பேரில் மிகக் குறைவாகத் தப்பு செய்தவள் அவள்தான். கூடவே என் இயந்திரத்தின் கணிப்பும், காசு சுண்டிப் போட்டுப் பார்க்கிற நிலைக்கு இறங்கியது. அதைச் சொன்னால் ஆய்வேடு இல்லை. மறுபடி தகவல் சேர்க்க ஒரு வருடம் ஆகும். கல்லூரி கொடுத்த கெடுவில் ஐந்து வாரம் மிச்சம் இருந்தது.

மறுநாள் கடைக்குப் போய், கேள்விக்குறி போட்ட பக்கத்தை அப்படியே விடச் சொன்னேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"சார், ரெண்டாவது சீட்டுப் பையன் பெங்களூர் போறானாம். முசியே ஒருத்தரை எடுக்கப்போறாரு. நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும் சார். தப்பு இவளோடது இல்லன்னு. உங்க பேப்பரைக் காட்டித்தான் அனுப்பினாரு. நீங்க சொன்னா எடுத்துக்குவாரு."

"கண்டிப்பா தரேம்மா" என்றேன்.

ஆய்வேட்டைச் சென்னைக்கு அனுப்பிய பிறகுதான் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முசியே கைடுக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புகிறவர். நான் எழுதுவது எந்த நேரமும் அங்கே போய்ச் சேரலாம். ஆகவே மிகுந்த கவனத்தோடு எழுதினேன். தகவல் சேகரிப்பில் சில வரம்புகள் இருந்திருக்கக்கூடும், தனிநபர் சார்ந்த முடிவுகளைப் பிற காரணிகளோடு சேர்த்து நோக்குவது பொருத்தமாக இருக்கலாம் என்று ஒரு பக்கம். என் வாழ்நாளில் எழுதிய உரைநடையிலேயே மிகவும் செப்பமானது அதுதான். அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"இதுல என்ன சார் சொல்லியிருக்கீங்க?"

"முசியேவுக்குப் புரியும்."

கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதைக் கணினியில் திருத்தி, கெட்டித் தாளில் அச்செடுத்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, மதியம், ஆசிரியர் அறையில் இருந்தபோது முசியே போன் செய்தார். பக்கத்து மேசையில் துறைத் தலைவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பொண்ணு உங்க லெட்டரைக் கொண்டாந்து குடுத்துச்சு. மூணு தடவ படிச்சேன். எனக்குத் தமிழும் தெரியும், பிரெஞ்சும் தெரியும். இது எதுன்னு தெரியல. தப்பு அவளோடதா, இல்லையா? உய்யா, நோனா? ஆமாவா இல்லையான்னு ஒண்ணு சொல்லுங்க. அவளோடது இல்லன்னா திங்கக்கிழமையே அவளை வரச் சொல்லிடறேன்."

ஒரே ஒரு சொல். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று வேறு சலுகை கொடுத்துவிட்டார். துறைத் தலைவர் தலைநிமிர்ந்து யார் போனில் என்று கண்ணாலேயே கேட்டார்.

"அப்படி ஒரே வார்த்தைல சொல்ற விஷயம் இல்ல முசியே" என்றேன். "இன்னும் ஆராயணும்."

"ஆராய்ங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். திங்கட்கிழமை வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு நல்லபடியாக நடந்தது. இந்த ஆராய்ச்சிக்கு நடைமுறைப் பயன் உண்டா என்று ஒரு தேர்வாளர் கேட்டார். ஒரு நிறுவனம் இதை வைத்து ஏற்கெனவே முடிவெடுத்திருக்கிறது என்றேன். அன்று நான் சொன்ன எல்லாவற்றிலும் முழு உண்மை அது ஒன்றுதான். எல்லோரும் திருப்தியோடு தலையாட்டினார்கள். மிக்சரும் காபியும் வந்தன.

பட்டம் உறுதியான பிறகு கெட்டி அட்டை போட்ட பிரதிகள் வேண்டியிருந்தன. கோப்பு அவளிடம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் போனேன். சிவப்பு ரெக்சின் அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"முசியே உங்களுக்குப் போன் பண்ணாராமே சார்."

"பண்ணார்மா."

"என்ன சொன்னீங்க?"

நான் சொன்னதைச் சொன்னேன். ஆறு வருடத்தில் அந்த ஆராய்ச்சி பற்றி யாரிடமும் அத்தனை சுருக்கமாகப் பேசியதில்லை. அவள் அட்டையின் முதுகை அளந்துகொண்டிருந்தாள்.

"சரி சார்" என்றாள். பிறகு, "முதுகுல தங்க எழுத்துல பேரு வரும். பெருசா போடட்டுமா, சின்னதா போதுமா?"

"சின்னதாவே இருக்கட்டும்மா."

ஐந்து பிரதிகள். ஒரு பக்கம்கூட மாறாமல், ஓரம் பிசிறில்லாமல், அருமையாகச் செய்திருந்தாள். பென்சில் கேள்விக்குறி இருந்த ப்ரூஃப் கட்டையும் ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்துக் கொடுத்தாள். வாடிக்கையாளர் பொருளைக் கடையில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம்.

வேலை நிலைத்தது, பதவியும் உயர்ந்தது. கடை இன்றும் தெருமுனையில்தான் இருக்கிறது. காலை எட்டேகாலுக்கு ஷட்டரைத் தூக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். ஒரு பக்கம் நகல் எடுக்க வேண்டுமென்றாலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பம் வரை போய் வருகிறேன். ஏன் அவ்வளவு தூரம் என்று மனைவி கேட்டாள். அங்கே எழுத்து தெளிவாக விழுகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.